வெள்ளிக்கிழமைச் சொற்கள்

வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம், மன்சூரா இளைஞர் மன்றத்தில் வைத்து, விவாகரத்தான ஹாத்திம் தன் மகளைப் பார்க்கலாம் என்பது நீதிமன்ற உத்தரவு. அந்த மூன்று மணி நேரமும் அவனுடைய முன்னாள் மனைவி இனாஸுக்குக் குமட்டிக்கொண்டே இருக்கும்.

பூசணி விதையைக் கடித்துத் தோலை உள்ளங்கையில் துப்புகிறான். அதே கையால் இரண்டு வயது லுஜைனின் மூக்கைத் துடைக்கிறான். இப்போது ஒரு குறிப்பேடு வேறு. குழந்தை வாயைத் திறந்தால் போதும், எழுதிக்கொள்கிறான்.

குழந்தையைத் தன்னிடமிருந்து பறிக்க ஆதாரம் சேர்க்கிறானோ என்று அவளுக்குச் சந்தேகம்.

“வக்கீல் சொல்லிக் குடுத்த வேலையா, உஸ்தாத்?” என்று ஏளன மரியாதையோடு கேட்டாள்.

“இல்ல இனாஸ். வாரத்துல ஆறு நாள் அவ பேசுறது எனக்குக் கேக்காதே. அதான்.”

“நடிப்பு மட்டும் இன்னும் போகல.”

லுஜைன் பூனையைத் துரத்தினாள். அவன் பின்னால் ஓடினான். இனாஸ் சட்டென்று அவன் விட்டுச் சென்ற குறிப்பேட்டை எடுத்துப் பிரித்தாள்.

‘முதல் வெள்ளி: தண்ணீர், பூனை.

மூன்றாம் வெள்ளி: மூன்று வரை எண்ணுகிறாள். இரண்டுக்கு முன்னால் மூன்று வந்துவிடுகிறது.

இன்று: முதன்முதலாக இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசினாள். ஊஞ்சலிலிருந்து கைகளை நீட்டி, “ச்சீ, தூக்கு” என்றாள். வீட்டில் என் பேச்சு வரும்போதெல்லாம் அவள் காதில் விழுவது அதுதான் போலிருக்கிறது. அதையே என் பெயர் என்று நினைத்திருக்கிறாள்.

நான் திருத்தவில்லை. அவள் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.’