கல்சேவா டீச்சரின் காது

"முதாஃப்சியா! அப்படின்னா யாரு?" என்று கேட்டார் கல்சேவா டீச்சர்.

கரும்பலகை அருகே நின்ற ருமெனுக்கு முதாஃப்சியாவும் தெரியாது, அந்த ஆள் வருகிற நாவலும் தெரியாது. ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டால் கர்லோவோ ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பழைய நாவலைப் படித்தே ஆகவேண்டும். பக்கத்துக்குப் பக்கம் துருக்கியர் ஆண்ட காலத்துச் சொற்கள். ருமென் அட்டையைக்கூடத் திறந்ததில்லை. இன்றும் ஆறு மதிப்பெண்ணுக்கு 'இரண்டு' வாங்கினால் ஃபெயில். இதே வகுப்பில் இன்னொரு வருஷம்.

வகுப்பு கைவிட்டுவிடுமா?

"ஆடு... ஆடு..." என்று ஜன்னலோரத்தில் ஒரு குரல் கிசுகிசுத்தது. பின் பெஞ்சில் ஒருத்தி தலையில் விரல்களை வைத்துக் கொம்பு காட்டினாள். "நெசவுடா!" என்றான் இன்னொருவன். அது கிசுகிசுப்பே இல்லை.

"ஆட்டை நெய்யிறவர், டீச்சர்!"

"ஆட்டையா?"

"ரோமம்டா, மடையா! ஆட்டு ரோமம்!" மொத்த வகுப்பும் சீறியது.

"ஆட்டு ரோமத்துல பை, விரிப்பெல்லாம் நெய்யிறவர்!"

"சபாஷ். கிராஜியான்னா யாரு?"

இதற்கு நாலு பேர் குதிரையாகவே கனைத்தார்கள். "சரக்கு! வாடகை!" என்று இன்னும் இரண்டு பேர் கத்தினார்கள்.

"குதிரையில வாடகைக்குச் சரக்கு ஏத்திட்டுப் போறவர்!"

டீச்சர் 'நான்கு' போட்டார். ருமென் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இடத்துக்குப் போனான்.

போரியானாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. இந்த வருஷம்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். வந்த அன்றே சொல்லிவிட்டார்கள்: "கல்சேவாவுக்குக் காது மந்தம். தைரியமா சொல்லிக் குடு." அவள் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. காது கேளாத ஒரு மனுஷியை இத்தனை பேர் சேர்ந்து ஏமாற்றுவதா?

மணி அடித்தது. காட்டிக்கொடுத்தால் அப்புறம் ஒருத்தரும் தன்னோடு பேசமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இப்போதுதான் இரண்டு சிநேகிதிகள் கிடைத்திருந்தார்கள். எல்லாரும் வெளியே போகும்வரை காத்திருந்து, மேசையருகே போனாள்.

"டீச்சர்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "ருமெனுக்கு ஒண்ணுமே தெரியாது! எல்லாரும் சொல்லிக் குடுக்கறாங்க!"

டீச்சர் நிமிரவே இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம், கிழவிக்கு இதுகூடக் கேக்கல," என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி போரியானா திரும்பினாள்.

"யாருடி கிழவி? ரிடையர் ஆக எனக்கு இன்னும் வருஷம் கிடக்கு."

போரியானாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்கு... காது கேக்குமா?"

"பாம்புக் காது. முதல்ல கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"அப்புறம் ஏன் டீச்சர் இப்படி?"

"எனக்குக் காது 'கேட்ட' காலத்துல, கூப்பிட்டுக் கேப்பேன்னு பயந்த புள்ளைங்க மட்டும்தான் படிச்சிட்டு வரும். இப்ப பாரு, ருமெனைக் காப்பாத்தணும்னு வகுப்பு மொத்தமும் படிச்சிட்டு வருது. இத்தனை பேர் கத்துனதுக்கப்புறம் அவனுக்குத்தான் மறக்குமா?"

போரியானாவுக்குச் சிரிப்பு வந்தது. டீச்சரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன், டீச்சர்."

"சொல்லாதே. ஆனா அவன் திருதிருன்னு முழிச்சப்போ உனக்கும் உதடு துடிச்சுது, பார்த்தேன். அடுத்த தடவை நீயும் சொல்லிக் குடு. பயப்படாதே, எனக்குத்தான் காது கேக்காதே!"