கடைசிப் பக்கத்து ஹார்ன்

ஊதிவிட்டார்கள்!

அவள் எழுதிய மார்ச் இசையை, உயிருள்ள மனிதர்கள், சொந்த மூச்சால்.

இத்தனை நாள் கம்ப்யூட்டர்தான் அவளுக்கு வாசித்துக் காட்டியது. கொசு ரீங்கரிக்கிற மாதிரி இருக்கும். இங்கேயோ, ட்யூபா என்ற பெருங்குழல் முதல் அடி போட்டதும் செருப்புக்கடியில் தரை அதிர்ந்தது. கிளாரினெட் வரிசை மொத்தமாக ஏறியபோது போலீஸ் பேண்டின் ஒத்திகைக் கூடத்துத் தகரக் கூரையும் சேர்ந்து பாடியது.

யம்மாடி, இது நானா எழுதினது?

நிற்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிவிட்டாள்.

நாளைக் காலை புதுக் காவலர்களின் பயிற்சி நிறைவு அணிவகுப்பு. பேண்ட் மாஸ்டர் செல்வின் துரைராஜ் நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார். ஒத்திகையில் சுத்தமாக வந்தால் அவளுடைய மார்ச். இல்லாவிட்டால் வருஷா வருஷம் ஊதுகிற அதே பழைய மார்ச்.

வந்துகொண்டிருந்தது. சுத்தமாக, ஜோராக வந்துகொண்டிருந்தது.

கடைசி நீண்ட முழக்கம். எல்லாரும் ஒன்றாக.

அதற்கு அடியில், சுருண்ட பித்தளைக் குழலான ஹார்ன் வேறெங்கோ போனது.

மாஸ்டர் குச்சியால் ஸ்டாண்டைத் தட்டினார். கூடம் அடங்கியது.

"ஹார்ன்ல என்ன சத்தம் அது?"

ஹார்ன் வைத்திருந்த காவலர் இசக்கியம்மாள் விறைப்பாக எழுந்தாள்.

"பேப்பர்ல கெடக்கதத்தான் சார் ஊதுனேன்."

எழுதியவள் ஓடிப்போய்த் தாளைப் பார்த்தாள்.

போச்சு.

ஹார்ன் ஒரு பொல்லாத கருவி. தாளில் இருப்பதைவிடக் கீழே இறங்கித்தான் ஒலிக்கும். அதனால் ஏற்றி எழுத வேண்டும். எல்லாப் பக்கத்திலும் ஏற்றியிருந்தாள். முந்தாநாள் முடிவை மாற்றி, அவசரத்தில் பேனாவால் எழுதிய கடைசிப் பக்கத்தில் மட்டும் அப்படியே விட்டிருந்தாள். இசை படிக்க வந்த முதல் மாதத்தில் பண்ணுகிற தப்பு!

"என் தப்பு சார். இவங்க சரியாத்தான் ஊதுனாங்க."

பென்சில் வாங்கிப் பேனா எழுத்தை அடித்தாள். மேலே திருத்தி எழுதினாள்.

மறுபடி ஊதினார்கள். கடைசி முழக்கம் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று வந்தது. ஒரு பிசிறு இல்லை.

மாஸ்டர் சிரித்தார். "நாளைக்கு உங்க மார்ச்தான் மேடம்."

காவலர்கள் பூட்ஸால் தரையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள்.

ஜெயித்தாயிற்று. துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

காது அடம்பிடித்தது. முதலில் கேட்ட அந்த முழக்கமே வேண்டும் என்றது. ஜெயித்துவிட்டோம் என்று எல்லாரும் கத்தும்போது, ஒருத்தி மட்டும் வீட்டை நினைத்துக்கொண்டு நிற்பது மாதிரி ஒரு சுரம். நாளைக்கு மைதானத்து ஓரத்தில் பிள்ளைகளைத் தேடி எக்கி எக்கிப் பார்க்கப்போகிற அம்மாக்களின் சுரம். ஐயோ, எவ்வளவு அழகு! அதையல்லவா எழுதியிருக்க வேண்டும்!

சொன்னால் வந்த மார்ச்சும் போய்விடலாம். பேசாமல் கிளம்பிவிட்டால் தலைவலி இல்லை.

முடியவில்லை. நெஞ்சு அந்தக் குதி குதித்தது.

"சார், அந்தத் தப்புதான் சார் வேணும்."

கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஏனோ அவர் கோபப்படவில்லை.

"ஐ.ஜி. என்னைக் கூப்பிட்டு, கடைசில எவன்யா தப்பா ஊதுனதுன்னு கேட்டா, நான் என்ன சொல்லட்டும்?"

அவள் ரப்பர் வாங்கிப் பென்சில் எழுத்தை அழித்தாள். அடியில் பேனா எழுத்து அப்படியே இருந்தது.

"நான் எழுதுனதுன்னு சொல்லுங்க."

மாஸ்டர் இன்னும் குச்சியைத் தூக்கவில்லை. இசக்கியம்மாள் அதற்குள் ஹார்னை உதட்டில் வைத்துவிட்டாள்.