இல்லத்தரசியின் மதிப்பு

காக்ஸ் டவுனில் உத்தமன் வீட்டுக் கூடத்தில் அன்று மூன்று பேர். சோபாவில் உத்தமன். எதிரே பிரம்பு நாற்காலியில், மடியில் லேப்டாப்புடன் வக்கீல் அசோகன். ஜன்னலோரக் கட்டிலில், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி உத்தமனின் மனைவி வேதநாயகி.

தரை ஈரத்தைத் துடைக்காமல் விட்டிருந்த சூப்பர் மார்க்கெட்டில் அவள் வழுக்கி விழுந்திருந்தாள். கடைக்காரரின் கவனக்குறைவுக்கு நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் தயாராகிக்கொண்டிருந்தது.

"அம்மாவோட வலிக்குக் கேட்டாச்சு. அவங்க படுத்துட்டதால உங்களுக்கு ஆன நஷ்டத்தையும் கேக்கலாம் சார்" என்றார் அசோகன்.

உத்தமன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எல்லாமே நஷ்டந்தான் சார்! சமையல், துணி, எங்கம்மாவுக்கு இன்சுலின் ஊசி... வீடே இவளாலதான் ஓடுது."

"அன்பான இல்லறம்னு சேத்துக்கலாமா?"

"தாராளமா! ஒருநாள்கூட எங்களுக்குள்ள சண்டை வந்ததில்லன்னு போடுங்க."

இப்படியும் ஒரு புருஷனா என்று அசோகனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. பிரிண்ட் எடுத்து நீட்டினார். கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட்டார்கள்.

"எனக்கும் ஒரு காப்பி குடுங்க சார்" என்றாள் வேதநாயகி.

"எதுக்கும்மா, பிரேம் போட்டு மாட்டவா?"

"என் வக்கீலம்மாவுக்கு அனுப்ப. நான் ஒரு வேலையும் செய்யறதில்ல, தினம் சண்டை போடறேன்னு இவரு போன மாசம் டைவர்ஸ் கேஸ் போட்டிருக்காரு."

உத்தமன் துள்ளி எழுந்தான். "ஏய், அது வேற கோர்ட்டுடி!"

"பொண்டாட்டி ஒருத்திதானே?"

நோட்டீஸை வாங்கிப்போக வந்த கூரியர்காரர் வாசலில் நின்றார். வேதநாயகி தன் காப்பியை ஒரு கவரில் போட்டு ஒட்டி நீட்டினாள்.

"அண்ணா, இதையும் சேத்து எடுத்துட்டுப் போங்க."