நடுவில் ஒரு 'எ'

கப்பல்காரனின் குரல் நின்றுவிட்டது. மைக் இன்னும் அவள் கையில் இருந்தது.

"எ ப்ளூ அண்ட் எ ஒயிட் போட்," என்று அவன் சொல்லியிருந்தான். "நோ இன்ஜின். மென் வேவிங்." பிறகு இடத்தைக் குறிக்கும் எண்கள். பிறகு இரைச்சல்.

கோவிலை ஒட்டிய வயர்லெஸ் அறையில் கூடியிருந்தவர்களுக்கு இரண்டு சொற்கள்தான் விளங்கின.

ப்ளூ. ஒயிட்.

"நீலமும் வெள்ளையும். நம்ம கிளீட்டஸுக்க படகுதான்," என்றார் லீனஸ் மாமா.

கிளீட்டஸ் அவள் கணவன்.

புயல் ஓய்ந்த பிறகும் கரைக்கு வராத படகுகள் மூன்று. ததேயுஸின் படகு முழுக்க நீலம். ஆல்பினுடையது முழுக்க வெள்ளை. மேலே வெள்ளையும் கீழே நீலமுமாக அடித்த படகு அந்த ஊரிலேயே கிளீட்டஸுடையது ஒன்றுதான்.

மாமியார் அவள் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். யாரோ ஜெபம் சொல்ல ஆரம்பித்தார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆல்பினின் மனைவி ஜெசிந்தா எழுந்து வந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கிக் கிடந்தது.

"அண்ணன் கெடச்சாச்சுல்லா அக்கா," என்று மைக்கைப் பிடித்திருந்த அவள் கையைத் தொட்டாள்.

அவளால் அந்தக் கையைப் பிடிக்க முடியவில்லை.

நடுவில் ஒரு 'எ' இருந்தது.

பங்குப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு அவள்தான் இங்கிலீஷ் டீச்சர். கப்பல்காரர்களோடு பேசுவதற்கென்றே அவளை இங்கே உட்கார வைத்திருந்தார்கள். வருஷாவருஷம் கரும்பலகையில் பசு வரைந்து அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. எ பிளாக் அண்ட் ஒயிட் கவ் என்றால் ஒரு பசு, உடம்பில் இரண்டு நிறம். எ பிளாக் அண்ட் எ ஒயிட் கவ் என்றால் பசுக்கள் இரண்டு. பிள்ளைகள் சிரிப்பார்கள். இத்தனூண்டு எழுத்துக்கு ஒரு மாடா டீச்சர் என்பார்கள்.

அது மூச்சாக இருக்கலாம்.

இரைச்சலாக இருக்கலாம். அந்த ஆளுக்கும் இங்கிலீஷ் தாய்மொழியாக இருந்திருக்காது. வாய்தவறி வந்திருக்கலாம்.

கண்ணை மூடி அந்தக் குரலை மறுபடி கேட்டுப் பார்த்தாள். எப்படிக் கேட்டாலும் அது அங்கேயே இருந்தது.

வெளியே ஒரு படகில் டீசலும் வடமும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு படகை இழுத்து வர ஒரு படகு போதும். கண்ணில் முதலில் படுவதைக் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இன்னொன்று இருக்கிறது என்று யார் தேடப் போகிறார்கள்?

வாயைத் திறக்காமல் இருந்தால் சாயங்காலம் வரை அவளுக்குக் கணவன் உண்டு.

"மாமா," என்றாள். "அது ரெண்டு படகு."

லீனஸ் மாமா திரும்பிப் பார்த்தார். "என்ன மக்கா சொல்லுத?"

"நீலம் ஒண்ணு. வெள்ள ஒண்ணு. அப்படித்தான் அவன் சொன்னான்."

ஜெபம் நின்றது.

அவள் சொன்னதன் மறுபாதி ஒருவர் பின் ஒருவராக எல்லோருக்கும் விளங்கியது. மாமியாருக்குக் கடைசியில்.

"வாய மூடு," என்றாள் மாமியார். "எம் பிள்ளைய நீயே இல்லேங்காத."

அவள் பொத்தானை அழுத்தினாள். ஒன் போட் ஆர் டூ போட்ஸ், என்று கேட்டாள். இரைச்சல்தான் வந்தது. மறுபடி கேட்டாள். மாமியார் மைக்கைப் பிடுங்க வந்தாள். தோளால் அவளை மறித்துக்கொண்டு கேட்டாள். குரல் உடைந்தது. விட்ட இடத்திலிருந்து கேட்டாள்.

"டூ," என்றது கப்பல். "டூ போட்ஸ், மேடம்."

ஜெசிந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

லீனஸ் மாமா வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டார். "இன்னொரு படகுக்கும் டீசல் ஏத்துங்கலே." திரும்பி வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னும் ஒரு படகு இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள் என்று கப்பலிடம் சொன்னாள். கண்ணுக்கு எட்டியவரை வேறெதுவும் இல்லை என்றான் அவன். வழியில் பார்த்துக்கொண்டே போவதாகச் சொன்னான். நல்ல மனுஷன்.

அதன் பிறகு அந்தப் பக்கமாகப் போன ஒவ்வொரு கப்பலையும் அவள் கூப்பிட்டாள். கேட்டார்கள். இல்லை என்றார்கள். மாமியார் மூலையில் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள். யாரோ கொண்டுவைத்த கஞ்சி ஆறிப்போனது.

வெயில் சாய்ந்தபோது கோவில் மணி அடித்தது. கடலில் இரண்டு படகுகள் இரண்டு படகுகளை இழுத்துக்கொண்டு வந்தன. அறை காலியானது. கரையிலிருந்து அழுகையும் சிரிப்புமாகச் சத்தம் வந்தது. அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். சத்தத்தில் வயர்லெஸ் சரியாகக் கேட்கவில்லை.

கதவு திறந்தது.

ஜெசிந்தாவின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவள் தோளைப் பற்றிக்கொண்டு ஆல்பின் நின்றான். உதடுகள் உப்பில் வெடித்திருந்தன. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டவர்களை விலக்கிவிட்டு நேரே இங்கே வந்திருந்தான்.

"அண்ணன் எங்களுக்குத் தெக்க நின்னாவ அக்கா," என்றான். "காத்து அடங்குன பெறவும் அவுங்க வெளக்கப் பாத்தேன்."

காலையில் பேசிய கப்பல் போய்விட்டிருந்தது. வேறொன்று தெற்கே போய்க்கொண்டிருந்தது.

ஜெசிந்தா இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டாள்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.