இரண்டாம் மொட்டை

திருத்தணி மலையடிவாரத்துச் சின்ன ஆஸ்பத்திரியில், புற்றுநோய்க்கான சிவப்பு மருந்தை முதல்முறையாகத் தன் கையால் ஏற்றிக்கொண்டிருக்கிறார் டாக்டர் வெங்கடசுப்பிரமணியன். ஐம்பத்தைந்து வயதில் விரல்கள் வேர்க்கின்றன. நரம்பை விட்டு ஒரு சொட்டு கசிந்தாலும் சதை வெந்துவிடும். கற்றுக்கொடுக்கச் சென்னையிலிருந்து வந்திருக்கும் புற்றுநோய் மருத்துவர் ரெஹானா, அவரைவிட இருபது வயது இளையவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். கற்றுக்கொடுக்கும்போது எதையும் தொடமாட்டார், அது அவர் வழக்கம். இன்று சரியாக முடிந்தால் படுத்திருக்கும் முனியம்மா இனி ஊசிக்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை. ஜன்னல் வெயிலில் அவள் மொட்டைத் தலையில் காய்ந்த சந்தனம் வெடித்து மினுங்குகிறது.

“முடி எப்பம்மா கொட்டுச்சு?” என்று கேட்கிறார் ரெஹானா.

“கொட்டலம்மா. எல்லாம் பூடும்னு போன வாட்டி நீதான சொன்ன? குப்பைக்குப் போறதுக்குப் பதிலா முருகனுக்கே குடுத்துட்டேன்.”

“கை எரியுதா?” என்கிறார் டாக்டர்.

“இல்ல நைனா. திரும்ப மொளைக்குமாமே, நெசமா? அதையும் அவனுக்கே தரேன்னு வேண்டிகினு இருக்கேன்.”

டாக்டர் திரும்பி ரெஹானாவைப் பார்க்கிறார். நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் அவர் தலையை மட்டும் அசைக்கிறார். கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

“ஆங், மொளைக்கும்,” என்கிறார் டாக்டர், மறுபடி ஊசியைப் பார்த்தபடி.