மேசைக்கு அடியில் ஒரு பெட்டி

ஒரு வருஷமாகக் கால் நீட்டி வைத்துக்கொள்ளும் அட்டைப்பெட்டிக்குள் ஜேசுராஜின் கால் பொத்தென்று இறங்கியது.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பெட்டி காலி. உள்ளே இருக்க வேண்டிய மூன்று புது ஃபில்டர்களில் ஒன்றுகூட இல்லை.

"மதுரைவீரா!" என்று அவர் போட்ட சத்தம் நசரத்பேட்டை சிக்னல் வரைக்கும் கேட்டிருக்கும்.

லாரி ஷெட்டின் வாட்ச்மேன் மதுரைவீரன் ஓடி வந்தான்.

"இதுல இருந்தத யார்றா எடுத்தது?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தான். "நம்ம மெக்கானிக்கு மனோகரன் அண்ணாத்தேதான் மொதலாளி. ஞாயித்துக்கெயம நீங்க பூசைக்குப் போற நேரமாப் பாத்து வருவாரு. போவசொல்ல கையில கனமா ஒரு பை இருக்கும். இந்த வருசத்துல மூணு வாட்டி."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொல்லாதன்னாரு."

மூன்று ஃபில்டர், மூன்று ஞாயிறு. வேறென்ன சாட்சி வேண்டும்?

உண்மையைச் சொன்னால், ஜேசுராஜுக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

போன ஜனவரியில் நாலாம் நம்பர் லாரிக்கு சிந்தெடிக் ஆயில் ஊற்றி, என்ஜின் பக்கத்தில் பைபாஸ் ஃபில்டர் என்று ஒரு குடுவையையும் மாட்டியிருந்தார். வழக்கமான ஃபில்டருக்குத் தப்பிப் போகிற பொடிக் கரியை இது கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டிவிடும். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றிய வண்டி, எண்பதாயிரம் வரை அதே ஆயிலில் ஓடும் என்றார்கள். மற்ற லாரி ஓனர்கள் சிரித்தார்கள். ஜேசுராஜ் அசரவில்லை. தன் முடிவு தப்பாகும் என்று இந்த ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"இது மட்டும் ஜெயிக்கட்டும், ஆறு வண்டிக்கும் போடறேன். அப்புறம் ஆயில் மாத்தற வேலையே இருக்காது. ஷெட்டுக்கு ரெண்டு மெக்கானிக் எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் சொல்லியும் வைத்திருந்தார்.

இன்னொரு மெக்கானிக் அவருடைய மச்சான். ஆகவே போகப்போவது யார் என்று யாரும் கேட்கவில்லை. மனோகரனும் கேட்கவில்லை.

இன்று காலை லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது. எண்பதாயிரம் ஓடிய பிறகும் ஆயில் நன்றாக இருக்கிறதாம். ஜெயித்தாயிற்று! பதினாலு வருஷம் கூட இருந்தவனை எந்த முகத்தோடு போகச் சொல்வது என்றுதான் அவர் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். திருட்டு என்று ஒரு காரணம் தானாக வந்து மடியில் விழுந்தால் கசக்குமா?

"கூப்பிடு அவன."

மனோகரன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். ஜேசுராஜ் காலிப் பெட்டியை அவன் பக்கம் எட்டி உதைத்தார்.

"எங்க வித்த?"

"விக்கல மொதலாளி."

"பின்ன, ரெக்கை மொளச்சுப் பறந்துடுச்சா?"

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஆயில் கம்பெனி இன்ஜினியர் எவாஞ்சலின். மீதி ஐந்து வண்டிக்கும் ஆர்டர் எழுத வந்திருந்தாள்.

"கங்கிராட்ஸ் சார்! மொதல்ல நாலாம் நம்பர்ல அந்த ஃபில்டரைக் கழட்டிப் பாத்துடலாமா?"

"தாராளமாப் பாரும்மா," என்று ஜேசுராஜ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார். "மனோகரா, நீயும் வா. உன்ன அப்புறம் வெச்சுக்கறேன்."

எவாஞ்சலின் குடுவையைத் திறந்து, ஃபில்டரை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"பரவால்லயே சார், கரெக்டா மாத்தியிருக்கீங்க!"

"எத?"

"இதத்தான். இருபதாயிரத்துக்கு ஒரு தடவை மாத்தணும்னு மூணு ஃபில்டர் பெட்டியோட குடுத்துட்டுப் போனேனே. நெறைய பேர் மறந்துடறாங்க சார். அப்படியே விட்டா இது அடைச்சுக்கும், கரி அத்தனையும் ஆயில்லயே தங்கிடும். எண்பதாயிரம் ஓடறதுக்குள்ள என்ஜினே போயிருக்கும்."

ஃபில்டரின் தலையில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது: அக்டோபர் 12, 60,000. சம்பள நோட்டில் பதினாலு வருஷமாகப் பார்த்த அதே கோழிக் கிறுக்கல்.

கனமான பையில் போனது என்ன என்று ஜேசுராஜுக்கு இப்போது புரிந்தது. கழற்றிய பழைய ஃபில்டர்கள். முகத்தை எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வதென்று தெரியாமல் லாரியின் டயரைப் பார்த்தார்.

"ஆறு வண்டிக்கும் போட்டா, இதப் பாத்துக்க ஒரு நல்ல ஆள் வேணும் சார்," என்றாள் எவாஞ்சலின்.

"அதுக்குத்தானேம்மா மனோகரன் இருக்கான்," என்றார் ஜேசுராஜ், முதலிலிருந்தே அதுதான் தன் திட்டம் என்பதுபோல.

அவள் ஆர்டர் புத்தகம் எடுக்க ஸ்கூட்டர் பக்கம் போனதும், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்ப்பா, இது ஜெயிச்சா உன் வேலை போயிடும்னு தெரியும்ல?"

"தெரியும் மொதலாளி. அதுக்கு என்ஜின் இன்னா பண்ணும்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா!"

"மார்ச் மாசமே சொன்னேனே. 'வேலை போயிடும்னு பயந்துகினு இல்லாத வேலைய உண்டாக்கறியா, போடா'ன்னீங்க," என்றான் மனோகரன். "அப்பவும் உங்க காலு அந்தப் பொட்டி மேலதான் இருந்துச்சு."