தோளுக்குப் பின்னால்

தொலைக்காட்சி விவாதத்தில் செல்வநம்பி வெளுத்து வாங்கினார். காஸாவில் நடப்பதில் பாதியை ஊடகங்கள் மறைக்கின்றன என்று மேசையைத் தட்டினார். விளம்பர இடைவேளையில்தான் தனக்குப் பின்னாலிருந்த பெரிய திரையைத் திரும்பிப் பார்த்தார். அதில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். எங்காவது போய்ச் சேருவதற்குள் மறுபடி முதலிலிருந்து ஓடினாள்.

“அந்தக் குழந்தைக்கு என்னம்மா ஆச்சு?”

“தெரியல சார். ஆரம்பத்துலேர்ந்து இந்தத் துண்டுதான் சுத்திட்டிருக்கு,” என்றாள் நெறியாளர் பவித்ரா.

எதிரே தன்னைக் காட்டிய மானிட்டரில், தன் காதோரம் அந்தப் பெண் ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே அவரால் பேச முடியாது. நாற்காலியை மெல்ல நகர்த்தினார். அவருடைய தோளுக்குப் பின்னால் அவள் மறைந்துபோனாள்.

இடைவேளை முடிந்து விளக்குகள் எரிந்தன.

“சொல்லுங்க சார், எதை மறைக்கிறாங்க?”

செல்வநம்பி அசையவில்லை. அசைந்தால் அவள் தெரிந்துவிடுவாள்.